தலைப்பிரட்டைகளுக்குக் கால் முளைத்த ஆடி

“குளம் வெட்டுததுக்கு முந்தி…” என்று பெரியப்பா ஏதோ சொல்வார், அதற்குப் பிறகு என்ன வரும் என்பது குற்றாலநாதனுக்கு நினைவில்லை. வளைகுடா ஓட்டல்களுக்கு நீச்சல் குளம் கட்டிக் கொடுத்தே தலை நரைத்து, ஐம்பதைத் தொடப்போகிற வயதில் தென்காசிப் பக்கம், ஒரு முனை மட்டுமே திறந்த முட்டுத்தெருவில் பிறந்த வீட்டுக்குத் திரும்பி, பின்பக்கத் தோட்டத்தில் நீல டைல்ஸ் பதித்த குளம் ஒன்றைத் தானே வரைந்து தானே நின்று கட்டி முடித்த அன்று, அந்த முதல் பாதி மட்டும் எங்கிருந்தோ வந்து காதுக்குள் இருந்துகொண்டது. மறுபாதியை எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

குளம் அழகாகத்தான் இருந்தது. நான்கு சுவரும் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்ததுபோல நேர் செங்குத்து, தடவினால் கை நழுவும் வழுவழுப்பு, தண்ணீரில் மேற்குமலை தலைகீழாகத் தெரிந்தது. அக்கா உலகம்மை ஊரில் இல்லாத மாதமாகப் பார்த்து வேலையை முடித்திருந்தார், திடீரென்று காட்டி அவளைச் சந்தோஷப்படுத்தலாம் என்று. அவள் தூத்துக்குடியிலிருந்து திரும்பி, பையைக்கூடக் கீழே வைக்காமல் தோட்டத்தில் நின்று சுற்றும் முற்றும் பார்த்தாள்.

“தொவைக்கல்ல எங்கல?”

“அதான் மெஷின் வாங்கியாச்சுல்லாக்கா. மதிலோரமா உருட்டிப் போட்டாச்சு.”

“கீரைப் பாத்தி?”

“அது இருந்த எடத்துலதான் குளம். ஒனக்காவத்தான் கட்டுனேன். பக்கத்துல ஒக்காந்து பாக்கலாம்.”

அக்கா பார்த்தாள். “நல்லாத்தான் இருக்கு. நான் போறதுக்குள்ள முடிச்சிட்ட.”

“எங்க போற?”

“தூத்துக்குடிக்கு. கூடப் படிச்ச மரியபுஷ்பம் தையல் கிளாஸ் வச்சிருக்கா. மாடி ரூம் சும்மா கெடக்கு, ஜன்னலத் தொறந்தா கடலு. வந்திருடின்னா. சரின்னுட்டேன்.”

“நான் ஒன்கூட இருக்கத்தான வந்தேன்?”

“நீ வந்துட்டேல்லா, வீட்டப் பாக்க ஆளு வந்தாச்சு. அதனாலதான் போறேன்.” குரலில் கோபம் எதுவும் இல்லை. கோபம் இருந்திருந்தால் குற்றாலநாதன் அதைப் பிடித்துக்கொண்டு மேலேறியிருப்பார்.

அப்பா பக்கவாதத்தில் படுத்தபோதும், அப்பாவுக்குப் பிறகு அம்மாவுக்குக் கண் போனபோதும், பெண் கேட்டு வந்தவர்கள் ஒவ்வொருவராக வருவதை நிறுத்திக்கொண்டபோதும் அக்கா அந்த வீட்டில்தான் இருந்தாள். அவர் தூரத்திலிருந்து போனில், அடுத்த வருசம் வந்திருவேங்க்கா என்றார். அதற்கடுத்த வருசமும் அதையேதான் சொன்னார். அடுத்த வருசம் என்ற அந்த வருசம் வந்து சேர்ந்தபோது அக்காவின் முன்நெற்றி முழுக்க வெள்ளையாகியிருந்தது. இப்போது அவள் சக்கரம் வைத்த சிவப்புப் பெட்டி ஒன்று வாங்கியிருந்தாள். வாழ்க்கையில் அவள் தனக்கென்று வாங்கிய முதல் பெரிய சாமான் அதுதான். வராந்தாவில் அதை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்து, சத்தமில்லாமல் ஓடுகிறதென்று தானே சிரித்துக்கொண்டாள்.

ஆனியில் சாரல் இறங்கியது. மலையிலிருந்து மாவு சலித்ததுபோல நாள் முழுக்க விழுந்துகொண்டேயிருக்கும் அந்தச் சாரலில் தவளைகள் எங்கெங்கிருந்தோ மதிலேறியும் வாய்க்கால் வழியாகவும் வந்து, விருந்துக்கு அழைத்த வீட்டுக்குள் இறங்குவதுபோல நீலக் குளத்துக்குள் ஒவ்வொன்றாகக் குதித்தன. குளம் முழுக்கக் கண்ணாடி மணியாக முட்டை மிதந்தது. முட்டை நடுவில் கறுப்புப் பொட்டு, பொட்டுக்கு வால், வாலுக்கு ஒரு துடிப்பு என்று ஆகி, ஒரு நாள் காலையில் பார்த்தால் தண்ணீரே கறுத்து நெளிந்தது. போகிற தேதியைக் குறித்திருந்த அக்கா அன்று குளத்தோரம் குத்தவைத்து, விரலை நீருக்குள் விட்டு, அவை வந்து விரலைக் கொத்திக் கொத்திப் பார்ப்பதில் நேரம் போவதே தெரியாமல் இருந்தாள்.

“ஏல குத்தாலம், இந்தத் தலைப்பெரட்டைக்கெல்லாம் கால் மொளைக்கத பாத்துட்டுக் கெளம்புதேன். அது வரைக்கும் புஷ்பம் காத்துக்கிடட்டும்.”

அவர் வெந்த கீரையைக் கசக்கி தினமும் தண்ணீரில் போட்டார், அதே கையோடு, அவசரப்படாதீங்க, அவசரப்படாதீங்க என்று உள்ளுக்குள் கெஞ்சினார். அவை கீரையைத் தின்றன, கெஞ்சலைக் கேட்கவில்லை. ஆடி பிறந்ததும் வாலின் அடியில் மொட்டுப்போல இரண்டு பின்னங்கால்கள் வந்தன, பிறகு தோலைக் கிழித்துக்கொண்டு முன்னங்கை வந்தது. வால் கரைகிற நாட்களில் அவை எதையும் தின்னாமல், தம் வாலையே உள்ளுக்குள் கரைத்துக் கரைத்து அதில் உயிர் வாழ்ந்தன. அதை வேடிக்கை பார்த்த அக்கா, “பாவம், இதுகளும் நம்ம சாதிதான்” என்று சொல்லிவிட்டு எழுந்துபோய்ப் பெட்டியை அடுக்கினாள்.

அவள் கிளம்பிய காலையில் தெருவே வாசலுக்கு வந்து வழியனுப்பியது. எதிர்வீட்டு மைதீன் பாத்து ஒரு தூக்குச்சட்டியில் தம்ரூட் இனிப்பு கொடுத்தாள். ஆட்டோ தெருமுனையில், மெயின்ரோட்டில் நின்றது. அக்கா சிவப்புப் பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தாள், பக்கத்து ஆவுடையப்பன் வீட்டைத் தாண்டினாள், டிரான்ஸ்பார்மரைத் தாண்டினாள், தெருமுனைப் பிள்ளையாரை ஒரு கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டு தாண்டினாள், தாண்டியதும் தன் வீட்டு கேட்டுக்கு முன்னால் நின்றாள். சிறிது நேரம் கேட்டைப் பார்த்தாள். பெட்டியைத் திருப்பிக்கொண்டு மறுபடி நடந்தாள், மறுபடியும் கேட். மூன்றாம் தடவை தம்ரூட்டை அந்தக் கையிலிருந்து இந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு வந்து நின்றவள், “தண்ணி குடு, தெரு விடமாட்டங்கு” என்றாள்.

மத்தியானத்துக்குள் எல்லோருக்கும் அது புரிந்துவிட்டது. முட்டுத்தெருவுக்குள் யாரும் வரலாம், வந்தவர் யாரும் போக முடியாது. சிலிண்டர் போட வந்த இசக்கிப்பாண்டி காலி சிலிண்டர்களோடு வண்டியை உருட்டி உருட்டித் திரும்பத் திரும்ப மைதீன் பாத்து வீட்டுக்கே வந்து சேர்ந்தான். “இது என்ன பாத்தும்மா, ஒங்க வீட்டுல எனக்குக் கடன் எதுவும் இருக்கா?” என்று கேட்டு, அங்கேயே சாப்பிட்டு, அங்கேயே மாடியில் பாய் விரித்துக்கொண்டான்.

காரணம் கேட்டவர்கள் குறைவு, ஏற்பாடு செய்தவர்கள் அதிகம். பால்காரர் பிள்ளையாருக்கு அந்தப் பக்கம் நின்று பாக்கெட்டை உருட்டி விட்டார். காய்கறிக் கூடை மூங்கில் கழியின் நுனியில் வந்தது. வேலைக்குப் போகிறவர்கள் போனில் விஷயத்தைச் சொன்னார்கள், மேலதிகாரிகள் நம்பாமல் நேரில் பார்க்க வந்து, வந்தவர்களும் இங்கிருந்தே போனில் விஷயத்தைச் சொன்னார்கள். வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து விசாரிக்க வந்த விசாலம் மேடம் முதல் நாள் எல்லோரிடமும் வாக்குமூலம் வாங்கி, இரண்டாம் நாள் துணி மாற்ற அக்காவிடம் சேலை வாங்கி, அதற்குப் பிறகு பல்லாங்குழியில் உட்கார்ந்துவிட்டார். கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் புறப்பட்ட புருசன்மார் விறுவிறுவென்று நடந்து தம் வீட்டு வாசலிலேயே வந்து நின்றதால் சண்டைகள் பாதியிலேயே முடிந்துபோயின. சாயந்திரமானால் தெருமுனையில் இந்தப் பக்கம் ஒரு கூட்டம், அந்தப் பக்கம் ஒரு கூட்டம், நடுவில் கோடு எதுவும் இல்லாத ஒரு கோடு. இசக்கிப்பாண்டியின் மனைவி அந்தப் பக்கத்தில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பாள்.

“நானும் உள்ள வந்திரட்டா?”

“வந்தா அப்புறம் உங்கம்மா வீட்டுக்குப் போறேன்னு மெரட்ட முடியாது, பாத்துக்க.”

அவள் சிரிப்பாள், சிரித்துக்கொண்டே முந்தானையால் மூக்கைத் துடைப்பாள். மைதீன் பாத்துவின் மகளுக்குக் கடையநல்லூரில் பிள்ளை பிறந்தது. பாத்தும்மா போனை முகத்துக்கு நேராகப் பிடித்து அந்தச் சின்னத் திரையை முகர்ந்து பார்த்தாள்.

குற்றாலநாதனுக்கு இதில் சந்தோஷம் இருந்தது. அக்கா பெட்டியை மூடியபடியே கட்டிலடியில் வைத்திருந்தாலும், காலையில் அவள் கையால் காபி, மத்தியானம் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பாடு, விட்டுப்போன வருசங்களையெல்லாம் யாரோ தெருமுனையை அடைத்துவைத்து அவருக்குத் திருப்பிக் கொடுப்பதுபோல இருந்தது. அந்தச் சந்தோஷத்தோடுதான் ஒரு நாள் காலை குளத்தோரம் போனார்.

குட்டித் தவளைகள் சுவரோரமாகவே சுற்றிக்கொண்டிருந்தன. வால் கரைந்து நுனி மட்டும் ஒட்டியிருந்த, கட்டைவிரல் நகம் அளவுத் தவளைகள். அவற்றுக்கு இனி தண்ணீருக்குள் மூச்சு கிடையாது, கரை வேண்டும். டைல்ஸில் கையை வைத்தன, நழுவின, மூக்கால் மூலை மூலையாக முட்டிப் பார்த்தன, நழுவின, சுற்றி வந்து புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தன. களைத்துப்போன சில வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. ஓட்டல்களில் அவர் கட்டிய ஒவ்வொரு குளத்துக்கும் பளபளவென்று ஓர் ஏணி உண்டு, மனிதர்கள் ஏறுவதற்கு. இந்தக் குளத்தில் இறங்குபவர் யாரென்று அவர் யோசித்திருக்கவேயில்லை.

அடுக்களைக்குப் போய்த் தேயிலை வடிகட்டியை எடுத்துவந்து ஒரு குட்டியைக் கோரி, செம்பருத்தித் தூரில் விட்டார். அது மூச்சு வாங்கிவிட்டு இலைக்குள் மறைந்தது. அவர் வடிகட்டியை உதறிக்கொண்டிருக்கும்போதே தெருவில் காலி சிலிண்டர்கள் கலகலத்தன, கலகலப்பு டிரான்ஸ்பார்மரைத் தாண்டி, பிள்ளையாரைத் தாண்டி, மெயின்ரோட்டுக்குப் போய்த் தேய்ந்து அடங்கியது. தெருமுனையில் இசக்கிப்பாண்டியின் மனைவி அழுவதும் திட்டுவதும் ஒன்றாகக் கேட்டன.

மறுநாள் இன்னொன்றைக் கோரிவிட்டார். விசாலம் மேடம் பல்லாங்குழியைப் பாதியில் வைத்துவிட்டு அக்காவின் சேலையோடு நடந்து போய்விட்டார்.

அப்போது அவருக்கு எல்லாம் தெரிந்தது. ஒரு தவளை ஏறினால் ஒரு ஆள் போகலாம். எந்தத் தவளைக்கு எந்த ஆள் என்பது மட்டும் தெரியாது. அடுத்தது அக்காவாக இருக்கலாம். குற்றாலநாதன் வடிகட்டியைக் கழுவி, அடுக்களையில் அது தொங்கிய ஆணியிலேயே கொண்டுபோய் மாட்டினார்.

அன்று மத்தியானம் டீயை வாயில் வைத்த அக்கா, “பாசி வாசம் அடிக்கு” என்றாள்.

“சாரல்தண்ணி இல்லையா, அப்படித்தான் இருக்கும்” என்றார். அவள் தம்ளரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு மீதியையும் குடித்தாள்.

அதன்பிறகு தினமும் விடிந்ததும் முதல் வேலையாகக் குளத்தோரம் போய், செத்துக்கிடப்பவற்றை அக்கா எழுவதற்குள் எடுத்துச் செம்பருத்தியடியில் புதைத்தார். ஒரு தவளை ஏறும்போது ஒருவர் போனதைப்போல, ஒரு தவளை செத்தபோது ஒருவர் போக நினைப்பதை நிறுத்தினார். இதை அவர் கவனிக்காமல் இருக்கத்தான் பார்த்தார். ஒரு குட்டி செத்த காலையில் ஆவுடையப்பன், ஊர் ஊராக பஸ் ஓட்டிய மனிதர், தன் சைக்கிளைத் தூக்கி மதிலில் சாய்த்து அதில் அவரைக்கொடியைப் படரவிட்டார். “எங்க போய் என்னத்தக் கண்டோம்” என்றார், முகத்தில் வருத்தமே இல்லாமல். இன்னொரு காலையில் மைதீன் பாத்து பேரனைப் பார்க்கக் கட்டிவைத்திருந்த துணி மூட்டையை அவிழ்த்துத் தலையணை உறை தைத்தாள். மகள் போனில் பிள்ளையைக் காட்டினால், “நல்லாருக்கு, நல்லாருக்கு” என்று டிவி பார்ப்பதுபோலச் சொன்னாள். தெருமுனையில் இந்தப் பக்கத்துக் கூட்டம் மெலிந்தது. அந்தப் பக்கம் நின்றவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. தெரு முழுக்க ஒரு நிம்மதி, மொந்தையில் ஊற்றிவைத்த தண்ணீர்போல ஆடாமல் நின்றது. அந்த நிம்மதியைப் பார்க்கப் பார்க்க குற்றாலநாதனுக்குச் சோறு இறங்கவில்லை, சாப்பிடும்போது விரல் இடுக்கில் செம்பருத்தியடி மண் தெரிந்தது.

அக்காவுக்கு மட்டும் இன்னும் மரியபுஷ்பத்தின் போன் வந்துகொண்டிருந்தது. பேசி முடித்ததும் கட்டிலடியில் காலால் துழாவிப் பெட்டி இருக்கிறதா என்று பார்ப்பாள். அவள் கால் பெட்டியைத் தட்டுகிற சத்தம் கேட்கும்வரை அவருக்குப் பயம், கேட்டதும் வேறொரு பயம்.

ஆடி முடிகிற சமயம், குளத்தில் விரல்விட்டு எண்ணுகிற குட்டிகளே மிஞ்சியிருந்த ஒரு காலையில், அவர் மண் கையோடு உள்ளே வந்தபோது அக்கா சிவப்புப் பெட்டியைக் கூடத்தில் திறந்துபோட்டு, அதற்குள் அரிசி கொட்டிக்கொண்டிருந்தாள்.

“என்னக்கா இது?”

“டிரம்முல வண்டு விழுந்திருக்கு. இது நல்லா இறுக்கி மூடுது.”

“தூத்துக்குடிக்குப் போவண்டாமா?”

“போவலாம்.” அரிசியைக் கையால் பரத்தினாள். “போவாட்டியும் என்ன. கடலு எங்க ஓடிரப்போவுது. எல்லாம் ஒண்ணுதான்.”

அவர் கேட்க ஏங்கிய வார்த்தை அது. சொன்னது அக்காவின் குரல் இல்லை. ஆவுடையப்பனுக்கு வந்த அதே குரல், அதே வருத்தமில்லாத முகம், ஆனால் இன்னும் முழுசாக வந்து சேரவில்லை. அரிசியைப் பரத்திய கை நடுவில் நின்று, பெட்டியின் சக்கரத்தை ஒரு தடவை சுழற்றிவிட்டது, அது நிற்கும்வரை அவள் பார்த்தாள்.

“அக்கா, பெரியப்பா ஒண்ணு சொல்வாருல்லா, குளம் வெட்டுததுக்கு முந்தின்னு. அதுக்கு மேல என்ன?”

“யாருக்குத் தெரியும். அந்த மனுசன் எதையாவது முழுசாச் சொல்லியிருக்காரா? பாதில வெத்தல துப்பப் போயிருவாரு, திரும்பி வந்தா வேற கதை.”

அவர் கூடத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்தார். சொல்லிவிட வேண்டும்போல வந்தது. “குளத்துல…” என்று ஆரம்பித்தார்.

“தெரியும்” என்றாள் அக்கா. அரிசியிலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கி வெளியே போட்டாள். “நீ வடிகட்டியில கோரிவிட்ட அன்னைக்கே பாத்தேன். ரெண்டாவது தடவையும் பாத்தேன். அப்புறம் நீ கோரல.”

“தெரிஞ்சும் ஏன் கேக்கல?”

“நான் எப்பல ஒன்ட்ட கேட்டிருக்கேன்?”

வெளியே சாரல் ஓட்டில் விழுந்துகொண்டிருந்தது.

“நீயே ஒண்ணக் கோரி விட்டிருக்கலாமே க்கா. கை நீட்டுனா எட்டுத தூரம்.”

“ஒன் குளம்லா” என்றாள் அக்கா, அது ஒரு பெரிய விஷயமே இல்லை என்பதுபோல. “என் தொவைக்கல்லு கெடந்த எடமா இருந்தா வேற. நான் எப்படிக் கைய வைக்க?” இன்னொரு கல் அகப்பட்டது, அதையும் போட்டாள். “மொதல்ல கொஞ்ச நாள், இன்னைக்குக் கோருவான், நாளைக்குக் கோருவான்னு பாத்தேன். அடுத்த வருசம் அடுத்த வருசம்னு பாத்துப் பழக்கம்தான. இப்ப அப்படி ஒண்ணும் தோணல. அதுவும் நல்லாத்தான் இருக்கு. இந்தா, இந்தப் பக்கத்தப் பிடி, மூடணும்.”

அவர் பிடிக்கவில்லை. அக்கா அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள், பார்த்துவிட்டுப் பெட்டியைத் திறந்தபடியே விட்டு, உலை வைக்க அடுக்களைக்குப் போனாள்.

குற்றாலநாதன் அரிசியை அள்ளி அள்ளி டிரம்முக்கே மாற்றினார். பெட்டியின் மூலையில் ஒட்டியிருந்த தவிட்டைத் துணியால் துடைத்தார், கட்டில்மேல் கிடந்த அக்காவின் சேலைகளை அவள் மடித்திருந்த மடிப்பிலேயே உள்ளே வைத்தார், மூடினார், சக்கரங்களில் மண் இருக்கிறதா பார்த்து வாசற்படிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். கடப்பாரையை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். மதிலோரம் பாசி பிடித்துக் கிடந்தது துவைக்கல், அம்மாவும் அக்காவும் துணி அடித்து அடித்து ஒரு பக்கம் சரிந்து தேய்ந்த கருங்கல். ஆவுடையப்பன் மதிலுக்கு மேலாகத் தலையை நீட்டி, “என்ன வே, தனியாவா உருட்டுதீரு?” என்றார், உதவிக்கு வரவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. கல் ஈர மண்ணில் தடம் பதித்து அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. குளத்தின் விளிம்பில் நீல டைல்ஸ் விரிசல் விட்டு நொறுங்கியது, சில்லுகள் தண்ணீருக்குள் விழுந்தன, மிஞ்சியிருந்த குட்டிகள் எதிர்மூலைக்குச் சிதறின. அடுக்களை ஜன்னலில் அக்கா உலை வைக்க எடுத்த தவலையைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தாள்.

அவர் துவைக்கல்லை, தேய்ந்து சரிந்த பக்கம் குட்டிகள் ஏறும் படியாக, பாதி தண்ணீருக்குள்ளும் பாதி கரையிலுமாகச் சாய்த்து வைத்தார்.